யார் சொல்லி நம்புவது? ஒரு பழைய புத்தகக் குழுவின் மதிப்பெண் முறையைப் பழுதுபார்த்த குறிப்புகள்

"தம்பி, பார்சல் இன்னும் வரவில்லை. அந்த ஆள் போனையும் எடுக்கவில்லை" என்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து டீச்சர் அழைத்தபோது, பஸ் பார்சல் ஒருநாள் தாமதமாகியிருக்கும் என்றுதான் சொன்னேன். நான்காம் நாள் அந்த எண்ணே அணைந்துவிட்டது. பழைய அகராதித் தொகுதி ஒன்றுக்காக டீச்சர் அனுப்பிய 2,400 ரூபாய் போனது போனதுதான். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்குகிறவர் அவர்.

இதில் என் பங்கும் உண்டு. கொங்குப் பக்கம் பழைய புத்தகங்களை விற்று, வாங்கி, மாற்றிக்கொள்ளும் 43 பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு அந்தச் சிறு செயலியை எழுதியவன் நான். பரிமாற்றம் முடிந்ததும் இருவரும் ஒருவருக்கொருவர் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம். அதன் சராசரி பெயருக்குப் பக்கத்தில் தெரியும். ஏமாற்றியவரின் பெயருக்குப் பக்கத்தில் 5.0 என்று இருந்தது. "ஐந்துக்கு ஐந்து போட்டிருந்ததே, அதைப் பார்த்துத்தான் அனுப்பினேன்" என்றார் டீச்சர். அவர் அந்த ஆளை நம்பவில்லை. நான் போட்ட எண்ணை நம்பினார். பணத்தைக் குழுவில் எல்லோரும் பகிர்ந்து ஈடுகட்டினோம். எண்ணைச் சரிசெய்வது என் பொறுப்பானது. ஏழு வாரம், வேலை முடிந்து வந்த மாலைகளில் செய்ததை எழுதிவைக்கிறேன். சிறு குழு நடத்துகிற யாருக்கும் இந்த வேலை ஒருநாள் வந்து சேரும்.

முதலில் பதிவேட்டைத் திறந்து, அந்த ஆளுக்கு வந்த ஒன்பது மதிப்பீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டு மதிப்பீடுகள் மூன்று கணக்குகளிலிருந்து வந்தவை. அந்த மூன்றும் அவர் சேர்ந்த அதே வாரத்தில் சேர்ந்தவை. தங்களுக்குள் மட்டுமே புத்தகம் மாற்றிக்கொண்டதாகப் பதிவு செய்திருந்தார்கள். ஒன்பதாவது மட்டும் உண்மையானது. ஈரோட்டு மாணவர் ஒருவர் 60 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கியிருக்கிறார், ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது, ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். இந்த ஒன்பதாவது மதிப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே போகும்.

சராசரியின் முதல் குறை, எண்ணிக்கையைப் பார்க்காதது. கரூரில் ஒரு நண்பர் இருக்கிறார். 42 பரிமாற்றம் செய்தவர், 40 நன்றாக முடிந்தவை, இரண்டில் பக்கம் கிழிந்திருந்ததாகப் புகார். எங்கள் செயலியில் அவர் இந்த ஒன்பதுக்கு ஒன்பது ஆளுக்குக் கீழே இருந்தார். இதற்கு மருந்து பழையது. எட்வின் வில்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1927-ல் எழுதிய வாய்பாடு அது. இத்தனை சாட்சியத்தை வைத்துக்கொண்டு, உண்மையான விகிதம் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லும் கீழ்வரம்பைத் தரும். நான்கு, ஐந்து நட்சத்திரங்களை நல்லது என்றும் மற்றவற்றை நல்லதல்ல என்றும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒன்பதுக்கு ஒன்பது என்றால் 0.70. 42-க்கு 40 என்றால் 0.84. கரூர்க்காரர் மேலே வந்துவிட்டார். அன்று இரவு வேலை முடிந்தது என்று நினைத்துத் தூங்கினேன்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போதுதான், நானே ஏமாற்றுகிறவனாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். போலி மதிப்பீட்டுக்குச் செலவே கிடையாது. இன்னும் பன்னிரண்டு போட்டால் முடிந்தது. 21-க்கு 21 என்றால் வில்சன் கீழ்வரம்பு 0.845. கரூர் நண்பரின் 0.842-ஐத் தாண்டிவிடுகிறது. ஐந்து வருடமாக ஒருவர் கட்டிய பெயரை, மூன்று போலிக் கணக்குகள் ஒரு மாலைப்பொழுதில் தாண்டிவிடலாம். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை இந்த வாய்பாடு நன்றாக எடைபோடுகிறது. சொன்னவர் யார் என்பதை அது கேட்பதே இல்லை.

இந்தத் தாக்குதலுக்குப் பெயரும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த ஜான் டூசர் 2002-ல் இதைச் சிபில் தாக்குதல் என்று எழுதினார். ஒரே ஆள் பல முகங்களோடு நுழைவதுதான் அது. அடையாளத்தைச் சரிபார்த்துத் தர நடுவில் யாரும் இல்லாத வலைப்பின்னலில், நடைமுறைக்கு ஒத்துவராத நிபந்தனைகளை வைத்தாலொழிய, இதை முழுவதுமாகத் தடுக்க முடியாது என்பது அவர் காட்டியது. அதைப் படித்ததும் போலிக் கணக்கை வாசலிலேயே பிடிக்கும் யோசனையைக் கைவிட்டேன். உள்ளே வந்தாலும் அதனால் பலனில்லாமல் செய்ய வேண்டும்.

கட்டத் தாளில் ஆறு புள்ளிகள்

சொன்னவர் யார் என்பதைக் கணக்கில் எடுக்கும் முறைகளில் பிரபலமானது, இணையப் பக்கங்களை வரிசைப்படுத்த வந்த பேஜ்ரேங்க். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லேரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் வெளியிட்டது. பெரிய புள்ளி கைகாட்டினால் நீயும் பெரிய புள்ளி என்பதே அதன் சாரம். ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கும் எடையை, தான் நல்லது சொன்னவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார். எண்கள் நிலைபெறும்வரை இதைச் சுற்றுச் சுற்றாகச் செய்ய வேண்டும். எடையில் 0.85 பங்கு இப்படிப் போகும். மீதி 0.15 எல்லோருக்கும் சமமாகத் திரும்பிவரும்.

நிரல் எழுதுவதற்கு முன்னால் கையால் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். என் மகளின் கணக்கு நோட்டில் கட்டத் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டேன். நேர்மையானவர்கள் மூவர்: அ, ஆ, இ. மோசடி வளையம் மூவர்: க, ச, ட. அ நல்லது சொன்னது ஆ, இ இருவருக்கும். ஆ சொன்னது அ, இ இருவருக்கும். இ சொன்னது அ-வுக்கும் க-வுக்கும். இந்த இ தான் நம் ஈரோட்டு மாணவர். வளையத்தில் க என்பவர் ச-வுக்கும், ச என்பவர் ட-வுக்கும், ட என்பவர் க-வுக்கும் கைகாட்டுகிறார்கள். இரு கரைக்கும் நடுவே இ-யிலிருந்து க-வுக்குப் போகும் ஒரே கோடு பாலம்.

கணக்குப் போட்டு முடித்ததும் தாளை இரண்டு முறை சரிபார்த்தேன். அ 0.090, ஆ 0.063, இ 0.090. க 0.266, ச 0.251, ட 0.239. வளையத்தின் கையில் 75.6 சதவீதம். உண்மையான நற்சொல் ஒன்றே ஒன்றைப் பெற்றவர்கள் முக்கால் பங்கு நம்பகத்தை அள்ளிக்கொண்டார்கள். காரணம் எளிது. பாலத்தின் வழியே உள்ளே போன எடை வெளியே வர வழியில்லாமல் வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சேர்கிறது. அதோடு, எல்லோருக்கும் சமமாகத் திரும்பிவரும் பங்கு போலிக் கணக்குக்கும் ரேஷன் போல வந்து சேருகிறது. போலிகளை மூன்றிலிருந்து 97 ஆக்கிப் பார்த்தேன். நேர்மையான மூவரிடம் மிஞ்சியது 1.5 சதவீதத்துக்கும் குறைவு. ஆளைச் சேர்க்கச் சேர்க்க லாபம். இந்த முறையை அப்படியே எங்கள் செயலியில் வைத்திருந்தால், மோசடிக்காரருக்குச் சிம்மாசனமே போட்டுக் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது வாரம் இப்படியே முடிந்தது. சோர்வாக இருந்தது, மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்தவர். "கடனுக்குச் சரக்குக் கேட்டு வெளியூர் ஆள் வந்தால், ஊரில் நாலு பேர் நல்லவன் என்கிறார்களா என்று நாங்கள் கேட்கவே மாட்டோம். நாலு பேரை யார் வேண்டுமானாலும் கூட்டிவரலாம். எனக்குத் தெரிந்தவர்களில் யார் உன்னை அனுப்பினார் என்றுதான் கேட்போம்" என்றார். 'எனக்குத் தெரிந்தவர்களில்' என்ற அந்த ஒரு சொல்லில் விடை இருந்தது. நம்பகத்தை வானத்திலிருந்து பார்த்து அளக்க முடியாது. ஒருவர் நின்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்துதான் அளக்க முடியும்.

விதை போடும் இடம்

கணினி அறிஞர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். செபாண்டர் காம்வார், மரியோ ஷ்லோசர், ஹெக்டர் கார்சியா-மொலினா மூவரும் 2003-ல் எழுதிய ஐகன்டிரஸ்ட், கோப்புகளை நேரடியாகப் பகிரும் வலைப்பின்னல்களுக்காக வந்தது. முன்கூட்டியே நம்பப்படும் சிலரிடமிருந்து எடை கிளம்புகிறது, திரும்பும் பங்கும் அவர்களிடமே போகிறது. இவர்களைத்தான் விதை என்கிறேன். அடுத்த ஆண்டு கார்சியா-மொலினா வேறு இருவரோடு சேர்ந்து டிரஸ்ட்ரேங்க் என்ற பெயரில் இதே எண்ணத்தை இணையக் குப்பையைச் சலிக்கப் பயன்படுத்தினார். அங்கே தொடக்கப் பக்கங்களை மனிதர்களே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கும் முன்னால் ரேஃப் லெவியன், நீர்க்குழாய்களில் கொள்ளளவு கணக்கிடுவதைப்போல, விதை உறுப்பினர்களிலிருந்து எவ்வளவு நம்பிக்கை எந்தக் குழாய் வழியாகப் பாய முடியும் என்று பார்க்கும் முறையை அட்வகேட்டோ என்ற நிரலாளர் சமூகத்துக்காகச் செய்திருந்தார். வாய்பாடுகள் வேறுபட்டாலும் மூன்றிலும் கேள்வி ஒன்றுதான்: எங்கிருந்து தொடங்குவது?

அதே தாளில் அ என்பவரை மட்டும் விதையாக வைத்து, திரும்பும் 0.15 முழுவதையும் அவருக்கே கொடுத்தேன். அ 0.267, ஆ 0.113, இ 0.162. க 0.178. நம்ப முடியவில்லை. க இன்னும் ஆ-வுக்கும் இ-க்கும் மேலே இருந்தார். வளையத்தின் பங்கு 45.8 சதவீதம்.

விதை போட்டால் போதும் என்று படித்ததை அப்படியே நம்பியிருந்தால் இங்கேயே தவறியிருப்பேன். சமன்பாடுகளைப் பிரித்து எழுதியபோது காரணம் தெரிந்தது. வளையத்தின் மொத்தப் பங்கைத் தீர்மானிப்பவை இரண்டு: பாலத்தின்மேல் இ வைக்கும் எடை, திரும்பும் பங்கு. திரும்பும் பங்கு 0.15 என்றால், பாலத்தில் வைத்த எடையைப்போல் 5.67 மடங்கு வளையத்துக்குள் தேங்குகிறது. திரும்பும் பங்கை 0.5 ஆக்கினால் சரியாக ஒரு மடங்கு. மறுபடி போட்டேன்: அ 0.582, ஆ 0.145, இ 0.182, க 0.052, ச 0.026, ட 0.013. வளையம் முழுவதற்கும் 9.1 சதவீதம். 0.15 என்பது பல்லாயிரம் இணையப் பக்கங்களில் அலைகிறவர்களுக்கான எண். புத்தகம் வாங்குகிறவர் இரண்டு மூன்று கை தாண்டி யாரையும் நம்புவதில்லை.

இதில் என்னை எழுந்து நடக்க வைத்தது இன்னொன்று. அந்த 9.1 சதவீதக் கணக்கில் வளையத்தில் எத்தனை பேர் என்பது வரவே இல்லை. மூன்று போலிகள் இருந்தாலும் மூவாயிரம் இருந்தாலும் அவர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளக் கிடைப்பது அதே 9.1. ஆளைச் சேர்ப்பதால் லாபம் என்ற கதவு மூடிவிட்டது. அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, உண்மையான மனிதர்களிடம் உண்மையாகப் பரிமாற்றம் செய்து இன்னும் பாலங்கள் கட்டுவது. அதற்குச் செலவாகும், நாளாகும்.

அந்நியர்களின் தரவில் ஒத்திகை

ஆறு புள்ளிக் கணக்கை நம்பி 43 பேர்மேல் வைக்க மனம் வரவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்னாப் என்ற தரவுத் தொகுப்பில் பிட்காயின் ஓடிசி என்ற தரவு இலவசமாகக் கிடைக்கிறது. முகம் தெரியாதவர்கள் பிட்காயினை நேரடியாகக் கைமாற்றிக்கொண்ட அரட்டை அறை அது. ஒவ்வொருவரும் மறையீட்டுச் சாவியால் தன்னை உறுதிசெய்துகொண்டு, மற்றவருக்கு மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். மோசடிக்காரர் என்றால் மைனஸ் 10. பிளஸ் 10 என்றால் உன்னை நீ நம்பும் அளவுக்கு அவரை நம்புகிறாய் என்று பொருள். 5,881 பேர், 35,592 மதிப்பீடுகள், அவற்றில் 89 சதவீதம் நல்லவை. ஒவ்வொரு வரியிலும் நான்கே எண்கள்: கொடுத்தவர், பெற்றவர், மதிப்பெண், நேரம். முதல் வரி 6, 2, 4 என்று தொடங்கி 2010 நவம்பர் 8-ஆம் தேதியின் நேரத்தோடு முடிகிறது. ஆறாம் எண்ணுக்காரர் இரண்டாம் எண்ணுக்காரருக்கு நான்கு கொடுத்திருக்கிறார். யாரோ இருவருக்கிடையே எப்போதோ நடந்த ஒரு கைகுலுக்கல் இப்படி ஒரு வரியாக உறைந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

பைத்தானில் எழுதிய நிரல் மூன்று இடத்தில் என்னைக் கீழே தள்ளியது. அவற்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யார் செய்தாலும் இதே மூன்றில்தான் விழுவார்கள்.

முதலாவது, திசை. யார் யாருக்குக் கொடுத்தார் என்ற எண் கட்டத்தில் கிடைவரிசையையும் நெடுவரிசையையும் மாற்றிப்போட்டிருந்தேன். பட்டியல் அழகாக வந்தது, எண்கள் நிலைபெற்றன, ஒரு பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் மேலே இருந்தவர்கள் நம்பப்பட்டவர்கள் அல்ல, ஊருக்கெல்லாம் மதிப்பெண் வாரி வழங்கியவர்கள். கையால் போட்ட ஆறு புள்ளிக் கணக்கை நிரலில் கொடுத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கட்டத் தாள் இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டேன்.

இரண்டாவது, கசிவு. மொத்த எடை எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று அது தேய்ந்துகொண்டே போனது. மதிப்பீடு பெற்றவர்களில் பலர் யாருக்கும் மதிப்பீடு கொடுத்ததில்லை. அவர்களிடம் வந்த எடைக்குப் போக்கிடம் இல்லை, ஓட்டைப் பானைத் தண்ணீர்போல ஒழுகிவிடுகிறது. அந்த எடையை விதைகளுக்கே திருப்பிவிட்டதும் நின்றது.

மூன்றாவதுதான் பெரிது: எதிர்மறை மதிப்பீடு. ஒருவர் பிளஸ் 1 ஒன்றும் மைனஸ் 1 ஒன்றும் கொடுத்திருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்து நிரல் நின்றது. எதிர்மறையை அப்படியே பரவவிட்டாலும் விபரீதம்தான். மோசடிக்காரர் வெறுக்கிற ஆள் நல்லவராகிவிடுவார், எதிரிக்கு எதிரி நண்பன் என்ற கணக்கு. ஐகன்டிரஸ்ட், பூஜ்யத்துக்குக் கீழே போவதையெல்லாம் பூஜ்யமாகவே வைத்துவிடுகிறது. எபினியன்ஸ் என்ற நுகர்வோர் தளத்தின் தரவை வைத்து 2004-ல் வந்த ஆய்வு வேறு பாதை காட்டியது. நம்பிக்கை பல கை தாண்டிப் பரவலாம், அவநம்பிக்கை ஒரு கையோடு நிற்கட்டும் என்பது அதன் முடிவு. எனக்கு அதுவே நியாயமாகப் பட்டது. நல்ல மதிப்பீடுகளை வைத்து முதலில் எடையைப் பரப்பினேன். எண்கள் நிலைபெற்ற பிறகு, எடை உள்ள ஒருவர் சொன்ன குறையை, குறை சொல்லப்பட்டவரிடம் மட்டும் ஒருமுறை கழித்தேன். எடையே இல்லாத போலிக் கணக்கு பத்துப் பேரை வசைபாடினாலும் ஒன்றும் கழியாது. இது பின்னால் பழிவாங்கும் மதிப்பீடுகளுக்கும் கேடயமாக அமைந்தது.

அந்த அரட்டை அறையிலேயே இருந்த ஓர் எளிய வழக்கமும் என்னைக் கவர்ந்தது. ஒருவரின் நம்பகத்தைக் கேட்டால், அங்கிருந்த தானியங்கி நிரல், உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு தரவரிசையைச் சொல்லாது. நீ நேரடியாகக் கொடுத்த மதிப்பு எவ்வளவு, உனக்குத் தெரிந்த ஒருவர் வழியாக எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். இடையில் இருப்பவருக்கு நீ 7 கொடுத்து, அவர் அந்த ஆளுக்கு 3 கொடுத்திருந்தால், இரண்டில் சிறியதான 3-தான் கணக்கு. சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணி. என் அப்பா கடையில் வைத்திருந்த கணக்கும் இதேதான்.

சிறு மீன் போட்டுப் பெரிய மீன்

நான்காவது வாரம், எங்கள் பழைய பதிவுகளில் மோசடி நடந்ததற்கு முந்தைய நாள் வரை இருந்தவற்றை மட்டும் கொடுத்து ஓட்டினேன். ஈரோடு புத்தகத் திருவிழாவில் பலரும் நேரில் சந்தித்துப் பழகிய நான்கு பேரை விதையாக வைத்தேன். அந்த ஆள் 43 பேரில் 36-ஆவது. அவருக்குக் கீழே அவருடைய மூன்று கணக்குகளும், இன்னும் ஒரு பரிமாற்றமும் செய்யாத நான்கு புதியவர்களும். கணக்கு வேலை செய்தது. ஆனாலும் பூஜ்யமாகவில்லை. காரணம் அந்த 60 ரூபாய் பாலம்.

பிட்காயின் உலகத்தில் இதன் பெரிய வடிவம் நடந்திருக்கிறது. டிரெண்டன் ஷேவர்ஸ் என்ற டெக்சாஸ்காரர் 2011, 2012-ல் வாரத்துக்கு 7 சதவீத வட்டி தருவதாகச் சொல்லிப் பிட்காயின் திரட்டினார். முதலில் வந்தவர்களுக்கு வட்டி சொன்னபடி வந்தது. பின்னால் வந்தவர்களின் பணத்தில்தான் அது கொடுக்கப்பட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013-ல் வழக்குத் தொடுத்தபோது அவர் திரட்டியது ஏழு லட்சம் பிட்காயினுக்கு மேல் என்றது. அவரை நல்லவர் என்று சொன்னவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. வட்டி வந்தது, வந்தது என்றார்கள். ஈரோட்டு மாணவரைப்போல.

ஆகவே சாட்சி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவுக்குச் சாட்சி என்பதும் வேண்டும். 60 ரூபாய்க்குச் சொன்ன நல்ல வார்த்தை 60 ரூபாய்க்குத்தான் செல்லும். ஒவ்வொரு கோட்டின் எடையையும் அந்தப் பரிமாற்றத்தின் தொகைக்கேற்ப வைத்தேன். பணக்காரர் கை ஓங்கிவிடக் கூடாது என்பதற்காக 1,000 ரூபாய்க்கு மேல் எடை ஏறாமல் நிறுத்தினேன். அதோடு பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இவரோடு இதுவரை நடந்த மிகப் பெரிய பரிமாற்றம்: 60 ரூபாய்.' ஏழு வாரத்தில் நான் செய்தவற்றில் மிக எளியது இந்த வரி. இதை எழுதப் பத்து நிமிடம் ஆனது. இது ஒன்று இருந்திருந்தாலே டீச்சர் 2,400 ரூபாய் அனுப்பியிருக்க மாட்டார். கணக்கைத் தேடிப் போகும் முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும்.

முகதாட்சண்யம்

பதிவேட்டைப் புரட்டியபோது இன்னொரு விஷயம் உறுத்தியது. குழு தொடங்கியதிலிருந்து நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே வந்த மதிப்பீடுகள் மொத்தம் பதினொன்று. அவ்வளவு நல்லவர்களா நாங்கள்? சிலரிடம் கேட்டேன். "நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?", "நான் மூன்று கொடுத்தால் அவர் எனக்கு இரண்டு கொடுப்பார்" என்றார்கள். முகதாட்சண்யமும் பயமும் சேர்ந்து எல்லோரையும் ஐந்து நட்சத்திரமாக்கியிருந்தன.

ஈபே நிறுவனம் 1996-லேயே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறையைத் தொடங்கியது. பழிவாங்கும் மதிப்பீட்டுக்கு அஞ்சி வாங்குபவர்கள் வாய் திறக்காமல் போவதைப் பார்த்து, 2008-ல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு இடுவதையே நிறுத்தியது. எங்கள் குழுவில் இன்று வாங்குகிறவர் நாளை விற்கிறார், அதனால் அந்த வழி பொருந்தாது. நான் செய்தது: இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது பத்து நாள் கழியும்வரை, எவருடைய மதிப்பீடும் மற்றவருக்குத் தெரியாது. நட்சத்திரங்களையும் எடுத்துவிட்டேன். மூன்றே கேள்விகள்: சொன்ன நாளில் வந்ததா? சொன்ன நிலையில் இருந்ததா? இவரிடம் மறுபடியும் வாங்குவீர்களா? 'மூன்று நட்சத்திரம்' என்று ஒருவரைக் குறைத்துப் போட மனம் கூசுகிறவர், 'அட்டை கிழிந்திருந்தது' என்று நடந்ததைச் சொல்லக் கூசுவதில்லை. முதல் மாதத்திலேயே ஆறு குறைகள் பதிவாயின. எல்லாம் சின்னவை, எல்லாம் உண்மை. கரூர் நண்பர் தனக்கு வந்த ஒரு குறையைப் படித்துவிட்டு, பார்சல் கட்டுவதற்கு அட்டைப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்.

பட்டியலை எடுத்துவிட்டேன்

ஆறாவது வாரம் 1 முதல் 43 வரை வரிசைப்படுத்திய பக்கத்தைத் தயார்செய்து, வெளியிடாமல் அழித்துவிட்டேன். கடைசியில் இருந்த நான்கு புதியவர்கள்தான் காரணம். அவர்களில் ஒருவர் தாராபுரத்துப் பெண். அவருடைய தாத்தா விட்டுப்போன நூலகத்திலிருந்து விற்க வந்திருந்தார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை, அவரை யாருக்கும் தெரியாது என்பதைத் தவிர. தெரியாதவர் என்பதும் கெட்டவர் என்பதும் ஒரே எண்ணாக அச்சாவது அநியாயம்.

இப்போது ஒருவர் பெயரைத் தொட்டால் எண் வராது. பார்க்கிறவருக்கும் அவருக்கும் இடையே உள்ள வழி வரும்: 'நீங்கள் கரூர் நண்பரோடு 12 முறை பரிமாறியிருக்கிறீர்கள், அவர் இவரோடு மூன்று முறை, அதிகபட்சம் 450 ரூபாய்.' வழியே இல்லையென்றால், 'உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இவரோடு இன்னும் பரிமாறவில்லை' என்று மட்டும் வரும். எடைக்கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பல வழிகள் இருக்கும்போது எதை முதலில் காட்டுவது, யார் சொன்ன குறையை எடுத்துக்கொள்வது என்பதற்கு மட்டும் அது பயன்படுகிறது.

புதியவர்களுக்கு ஜாமீன் முறை வைத்தோம். பழைய உறுப்பினர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட தொகை வரை பொறுப்பேற்கலாம். தவறினால் அந்தத் தொகையை அவர் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு அவர் சொல்லும் நற்சொல்லின் எடை பாதியாகும். தாராபுரத்துப் பெண்ணுக்கு 500 ரூபாய் வரை ஜாமீன் நின்றவர் அந்த ஈரோட்டு மாணவர். நேரில் போய் நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஒன்பதாவது மதிப்பீட்டைக் கொடுத்ததிலிருந்து அவருக்கு மனதில் ஒரு பாரம் இருந்திருக்கிறது. அதை இறக்கிவைக்க இது ஒரு வழியாயிற்று.

ஏழாவது வாரம் டீச்சருக்கு எல்லாவற்றையும் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த நான்கு பேரிடமிருந்துதான் எல்லாம் கிளம்புகிறது என்கிறாய். அந்த நான்கு பேரை யார் தேர்ந்தெடுத்தது?" என்றார். "நான்தான் டீச்சர்" என்றேன். "நல்லவர்கள்தான். ஆனால் எங்களிடம் கேட்கவில்லையே?" என்றார்.

அன்று இரவே விதைகளின் பெயர்களை முகப்பில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர்கள் ரகசியமாக வாக்களித்து அவர்களை மாற்றலாம் என்று விதி சேர்த்தேன். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் வேறு விதைகளை வைத்துக்கொள்ளும் வசதியையும் கொடுத்தேன். முதல் வாக்கெடுப்பு சென்ற மாதம் முடிந்தது. என் நால்வரில் இருவர் மாறினார்கள். புதிதாக வந்த இருவரில் ஒருவர் டீச்சர்.